தாய்மாமன் சீரில் வந்த குதிரை

கோவிலூர், வட்டவடை
ஜூன் 11, 2023

அண்ணனுக்கு மாரீஸ்வரி எழுதுவது.

நலமா என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். கேட்காவிட்டாலும் வரும். அதனால் கேட்டே விடுகிறேன், நலமா? அண்ணிக்கு முட்டுவலி தேவலையா?

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதாசி என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் சத்தம் போடுவீர்கள், நான் அழுவேன், பக்கத்தில் நிற்கிற உங்கள் மாப்பிள்ளை "வை அதை" என்பார். போதாததற்கு இந்த மலையில் டவர் பாதிப் பேச்சில் போய்விடும். பாதியில் அறுந்த பேச்சுதான் பெரிய சண்டையாகிறது. எழுதினால் முழுவதும் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மோனிஷாவுக்குக் காதுப் புண் ஆறிவிட்டது. உங்கள் மடியில் உட்கார்ந்து காது குத்தும்போது வாய் திறக்காத பிள்ளை, நீங்கள் பந்தியில் உட்காராமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டி ஏறியபோதுதான் அழுதாள். தாய்மாமன் சாப்பிடாமல் போன விசேஷம் என்று இந்த ஊரில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

உங்கள் மாப்பிள்ளை சொன்னது தப்புதான். "ஏன் மச்சான், ஒரு பீரோ குடுத்திருந்தா எடுத்து வெச்சுக்கலாம். இதைக் கட்டி எவன் தீனி போடுறது?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டிருக்கக் கூடாது. கேலியாகத்தான் கேட்டார். கூட்டம் சிரித்ததுதான் வினையாகிவிட்டது. ஆனால் நீங்களும் யோசித்துப் பாருங்கள். செண்டை மேளத்தோடு சீர்த்தட்டு வருகிறது, தட்டுக்கெல்லாம் முன்னால் கழுத்தில் மாலையும் முதுகில் பட்டுமாக என் இடுப்பு உயரத்தில் ஒரு குதிரை வருகிறது! எனக்கே அதிகம் என்று பட்டது. பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை.

விற்றவன் ஆடு தின்கிற அளவுதான் தின்னும் என்று சொன்னதாகச் சொன்னீர்கள். ஆட்டுக்கு மழையில் தனிக் கொட்டகை வேண்டாம், அண்ணா. எங்களுக்கு இருப்பது படிப்படியாக வெட்டிய காட்டில் கேரட்டும் கோஸும் பூண்டும். அதற்குள் அவிழ்த்துவிட முடியாது. கட்டிப்போட்டால் கயிற்றை முறைத்துக்கொண்டு நிற்கிறது. பிள்ளை அதற்குப் பிஸ்கட் என்று பேர் வைத்து, பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு முத்தம், வந்தபின் ஒரு முத்தம். அவர் இன்னும் அதைத் தொடவில்லை.

கேட்க வாய் வரவில்லை, கேட்கிறேன். பிள்ளை இன்னும் ஒட்டிப்போவதற்குள் பிஸ்கட்டைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். வாங்கிய இடத்திலேயே கொடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக எதுவும் வேண்டாம்.

உங்கள் மேல் கோபம் இல்லாத
மாரி


வண்ணாமடை
ஜூன் 24, 2023

மாரிக்கு,

கடிதாசி கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்கவில்லை.

சீரைத் திருப்பி எடுத்துக்கொள் என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்துதான் எழுதினாயா? பிறந்த வீடே வேண்டாம் என்றால் அதை நேராக எழுது. கொடுத்த சீரைத் திரும்பப் பிடித்துக்கொண்டு வந்த மாமன் எந்த ஊரிலாவது உண்டா? நாளைக்கு அந்தப் பிள்ளை பெரிய மனுஷி ஆனால் எந்த முகத்தோடு நான் தட்டெடுத்து வருவது?

நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. உன் ஓரகத்தி ராமுத்தாய் வீட்டு விசேஷத்துக்கு அவள் அண்ணன்மார் ஒரு ஜோடிக் காளையை லாரியில் கொண்டு வந்து இறக்கினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி ஓவென்று அழுதாய். "எனக்கும் ஒரு அண்ணன் இருக்கறாருன்னு இந்த ஊர் என்னிக்குங்ண்ணா பாக்கறது?" என்று கேட்டாய். பார்க்கட்டும் என்றுதான் கொண்டு வந்தேன். பார்த்ததா இல்லையா?

சொல்லக் கூடாது என்று இருந்தேன், நீ சொல்ல வைத்துவிட்டாய். நம் செவலையைப் பொள்ளாச்சிச் சந்தையில் விற்றுத்தான் அந்தக் குதிரையை வாங்கினேன். அண்ணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கறக்கிற மாட்டைக் கொடுத்தவன் என்னத்தைக் கேட்டேன்? ஒரு வாய்ச் சோறு மரியாதையாகப் போட்டிருந்தால் போதும்.

மாடு கன்றோடு வளர்ந்தவள் நீ. ஒரு மட்டக்குதிரையைப் பார்க்க முடியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? தீனிதான் கஷ்டம் என்றால் அந்தக் கவலை உனக்கு வேண்டாம். கொள்ளு, பருத்திக்கொட்டை, தேங்காய்ப் புண்ணாக்கு, தவிடு எல்லாம் மாசாமாசம் மூட்டை கட்டி அனுப்புகிறேன். உங்கள் பக்கத்துக் காய்கறியை இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டியில் மூணாறு வரைக்கும் வரும். அங்கிருந்து ஏசுதாஸ் ஜீப்பில் உன் வாசலுக்கு வந்துவிடும். உன் வீட்டுக்காரர் கையிலிருந்து ஒரு பிடித் தீனி போட வேண்டாம் என்று அவரிடம் சொல்.

நல்லமுத்து


கோவிலூர்
செப்டம்பர் 3, 2023

அண்ணனுக்கு,

இரண்டு மாதமாக மூட்டை தவறாமல் வருகிறது. ஏசுதாஸ் வேண்டுமென்றே கடைவீதியில் நிறுத்தி, "குதிரை வீட்டுக்குத் தீனி வந்திருக்கு, ஆள் வாங்க" என்று ஹாரன் அடிக்கிறார். ராமுத்தாய் எட்டிப் பார்க்காத நாள் இல்லை. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது பிடித்திருக்கிறது.

இங்கே விடாத மழை. எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு மூட்டம். பிஸ்கட் நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு உங்கள் மாப்பிள்ளை யூக்கலிப்டஸ் கம்பு வெட்டி, தகரம் போட்டு ஒரு கொட்டகை கட்டிவிட்டார். கேட்டால், "குதிரைக்காக இல்ல. நனைஞ்சு செத்தா அந்தப் பாவம் யாருக்கு?" என்கிறார். கொட்டகைக்குள் தரை மேடாக இருக்க மண் அடித்திருக்கிறார், பாவத்துக்குப் பயந்தவர் அத்தனை பாடுபட வேண்டியதில்லை.

ஈரத்தில் நின்று நின்று குளம்பு அழுக ஆரம்பித்தது. மிருகாசுபத்திரியில் ரிஞ்சு என்று ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார். நல்ல பெண். "சேச்சி, நான் குதிரையைக் காலேஜில் பார்த்ததோடு சரி" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, தனக்குப் படிப்பித்த சாரிடம் போனில் கேட்டுக் கேட்டு வைத்தியம் பார்க்கிறார். அவர் சொல்லித்தான் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. நமக்கு நகம் வளருகிற மாதிரி அதற்குக் குளம்பு வளருமாம். ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை வெட்டிச் சீவ வேண்டும், இல்லாவிட்டால் நடை கோணிவிடும். பல்லை அராவ வேண்டும். பூச்சி மருந்து, தடுப்பூசி, நக்குவதற்கு உப்புக்கட்டி. குளம்பு சீவ மூணாறில் சவாரிக் குதிரை வைத்திருப்பவரின் ஆள்தான் வர வேண்டும். அவருக்குக் கூலி, ஜீப் வாடகை, மத்தியானச் சாப்பாடு. ஒரு கறவை மாட்டைவிடச் செலவு கூட, கறவைதான் இல்லை. போன தடவை விதைக்கு எடுத்து வைத்திருந்த பூண்டைத்தான் விற்றோம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன். இந்தத் தீனி கூடாது என்கிறார் டாக்டரம்மா. இந்தச் சாதிக் குதிரைக்குக் காய்ந்த புல்லும் வைக்கோலும்தான் சாப்பாடாம். தானியமும் புண்ணாக்கும் போட்டால் உடம்பு தாங்காதாம். இங்கே நெல் கிடையாது, வைக்கோலுக்கு எங்கே போவேன்? உங்கள் பக்கம் வயல் அறுத்தால் கிடக்குமே. முடிந்தால் மூட்டைக்குப் பதில் வைக்கோல் அனுப்புங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாரி


வண்ணாமடை
அக்டோபர் 1, 2023

மாரிக்கு,

வைக்கோலா? ஏசுதாஸ் ஜீப்பு மேல் வைக்கோல் கட்டு வந்து இறங்கினால் ராமுத்தாய் என்ன பேசுவாள் என்று யோசித்தாயா? "ஆரம்பத்துல குதிரை, அப்புறம் வைக்கோலு" என்பாள். உங்கள் ஊர் கேட்டுச் சிரிக்கும். ஒரு தடவை சிரித்தது போதாதா?

டாக்டர் பெண்ணே குதிரையைப் பார்த்ததில்லை என்று சொல்கிறாள் என்கிறாய். அப்புறம் அவள் பேச்சை எப்படிக் கேட்பது? நான் பிறந்ததிலிருந்து தொழுவத்தில் கிடக்கிறவன். தடவினால் எலும்பு கையில் தட்டக் கூடாது, அதுதான் நல்ல வளர்ப்பு. கழுத்து திரண்டு, முதுகில் பள்ளம் விழுந்து, ரோமம் மின்ன வேண்டும். காய்ச்சலில் கிடந்த மாட்டுக்குக்கூட யாரும் வெறும் வைக்கோல் போட மாட்டார்கள். தீனியைக் குறைக்காதே.

குளம்புக்கு எதற்கு மூணாறு ஆள்? இங்கே ரேக்ளாக் காளைகளுக்கு லாடம் அடிக்கிற பெரியவர் இருக்கிறார். கை வைத்தால் காளை கண்ணை மூடிக்கொண்டு நிற்கும், அப்படிப்பட்ட கை. பஸ் செலவு கொடுத்து அவரை அனுப்பி வைக்கிறேன். குளம்பு குளம்புதானே?

மோனிஷா தோட்டைக் கழற்றாமல் போட்டிருக்கிறாளா? மாமா எங்கே என்று கேட்கிறாளா? கேட்டால் எழுது. கேட்காவிட்டால் எழுத வேண்டாம்.

நல்லமுத்து


கோவிலூர்
டிசம்பர் 17, 2023

அண்ணனுக்கு,

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். கேட்கிறாள். எங்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள், பிஸ்கட்டிடம் பேசுகிறாள். "எங்க மாமா பெரிய மீசை, ரோஷக்காரரு, உன்னையப் பாக்க வருவாரு" என்று அதன் காதில் சொல்கிறாள். ரோஷக்காரர் என்பது அவள் அப்பா வாயிலிருந்து பொறுக்கியது, நான் சொல்லித் தரவில்லை.

லாடம் அடிக்கிற பெரியவர் வந்தார். பாவம், குளிரில் பல் தந்தியடித்தது. டாக்டரம்மா போனிலேயே, "மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது, இது ஒற்றைக் குளம்பு, வேற ஆளைத் தொட விடாதீங்க" என்று சொல்லிவிட்டார். உங்கள் மாப்பிள்ளைதான் பெரியவரை உட்கார வைத்து, கோழி அடித்துச் சோறு போட்டு, "ஐயா, மன்னிக்கணும். குளம்பைத் தொட வேண்டாம், கூலியை வாங்கிக்கங்க" என்றார். பெரியவர் கூலி வாங்கவில்லை. அங்கே வந்து உங்களிடம் என்ன சொன்னாரோ.

பிஸ்கட்டுக்குத் துணை இல்லாத ஏக்கம். தன் இனத்தைப் பார்க்காத குதிரை வாடிவிடுமாம். ஜீப் சத்தம் கேட்டால் காதை நிமிர்த்திக்கொண்டு கனைக்கிறது. எல்லா ஜீப்பும் போய்விடுகிறது. அப்புறம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும்.

தீனி விஷயமும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா பேச்சைக் கேட்டுக் கொஞ்ச நாள் மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். உங்கள் மாப்பிள்ளை காடு காடாகப் போய்க் காய்ந்த புல் அறுத்து வந்தார். பிஸ்கட்டுக்கு வயிறு வாடியது. நல்லதுக்குத்தான் வாடியதாம். ராமுத்தாய் வந்து விலாவைத் தடவிப் பார்த்து, "என்ன மாரி, அண்ணன் அனுப்புறத நிறுத்திட்டாரா?" என்று கேட்டாள். அன்றைக்கே மூட்டையைப் பிரித்தேன். உள்ளே கொட்டகையில் வைக்கவில்லை, வாசலில் வைத்தேன், போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று. இப்போது தினமும் வாசலில்தான். கழுத்து திரண்டுவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் அண்ணன் வீட்டு வளம் என்கிறார்கள்.

எனக்கு என்னவோ மனசு சரியில்லை.

மாரி


வண்ணாமடை
ஜனவரி 8, 2024

மாரிக்கு,

நான் அனுப்பிய ஆளைக் கோழிச்சோறு போட்டுத் திருப்பி அனுப்பினீர்கள். இந்த வயதில் அவ்வளவு தூரம் போனவர் கை நனைத்ததோடு வந்து நின்றார். உன் வீட்டுக்காரருக்கு என் பொருளும் ஆகாது, என் ஆளும் ஆகாது. சரி.

பொங்கல் வருகிறது. கரும்பு, அச்சுவெல்லம், பூவன் தார், நெற்றியில் கட்ட மணி வைத்த பட்டை எல்லாம் அனுப்பியிருக்கிறேன். பட்டிப் பொங்கல் அன்று உன் மாட்டுக்கு ஊட்டும் முன் பிஸ்கட்டுக்கு முதலில் ஊட்டு. வயிறு நிறைய ஊட்டு. மோனிஷா கையால் ஊட்டச் சொல்.

நல்லமுத்து


கோவிலூர்
பிப்ரவரி 4, 2024

அண்ணா,

பிஸ்கட் எழுந்து நிற்கவில்லை.

நீங்கள் சொன்னபடியே செய்தோம். குளிப்பாட்டிப் பொட்டு வைத்து மணி கட்டினோம். மோனிஷா வாழையிலையில் சர்க்கரைப் பொங்கலை ஏந்திக்கொண்டு உருண்டை உருண்டையாக ஊட்டினாள். வெல்லம் தின்றது, கரும்பு தின்றது, பழம் தின்றது. ராமுத்தாய் பிள்ளைகளும் ஆளுக்கொரு கை கேரட் கொடுத்தார்கள். அதுவும் கொடுக்கக் கொடுக்க வாங்கியது. ஊரே நின்று பார்த்தது. எங்கள் வாசலில் அப்படி ஒரு கூட்டம் அதற்கு முன் கூடியதில்லை.

மறுநாள் காலையில் முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு, பாரத்தையெல்லாம் பின்னால் சாய்த்து நின்றது. ஒரு அடி எடுத்து வைக்கச் சொன்னால் உடம்பெல்லாம் நடுங்கியது. குளம்பைத் தொட்டால் அடுப்புக்கல் மாதிரி சுட்டது. பனி உறைந்து கிடக்கிற காலத்தில் குளம்பு மட்டும் சுட்டது. டாக்டரம்மா குளம்பை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். தீனியின் சத்தும் வெல்லமும் சேர்ந்து, குளம்புக்குள்ளே சதை வெந்த மாதிரி ஆகிவிட்டதாம். உள்ளே இருக்கும் எலும்பு பிடி விட்டு இறங்குகிறதாம். "சேச்சி, இதுக்குச் சிநேகம் கூடிப் போச்சு" என்றார், பாசத்தைத்தான் அப்படிச் சொல்கிறார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து உங்கள் மாப்பிள்ளைதான் பார்க்கிறார். தொடாத மனுஷர்! காலையும் மாலையும் ஓடைத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டு வந்து அதன் காலில் ஊற்றுகிறார். ரப்பர் செருப்பை அதன் குளம்பு அளவுக்கு வெட்டி, கீழே பஞ்சு வைத்துத் துணியால் கட்டிவிடுகிறார். ஓடை மணல் சுமந்து வந்து மெத்தை மாதிரி பரப்பியிருக்கிறார். ஊசி மருந்துக்கு இந்த வருஷம் போட வேண்டிய விதைக் கிழங்குப் பணம் போய்விட்டது, அதைப் பற்றி அவர் பேசுவதே இல்லை.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அனுப்பியது நீங்கள், கூடாது என்று தெரிந்தும் வாசலில் வைத்துப் போட்டது நான்.

இப்போது ஒரே வழிதான் இருக்கிறது. மூணாறில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர் பிஸ்கட்டை வைத்துக்கொள்கிறேன் என்கிறார். சவாரிக்கு இல்லை, வைத்தியத்துக்கு. அங்கே காய்ந்த புல் மூட்டை மூட்டையாக இருக்கிறது, குளம்பு தெரிந்த ஆள் கூடவே இருக்கிறார், மற்றக் குதிரைகள் இருக்கின்றன. இப்போதே கொண்டு போனால் பிழைக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. தள்ளிப் போடக் கூடாதாம்.

ஆனால் இது மாமன் சீர். உங்கள் வாயால் சரி என்று சொல்லாமல் வேறு வாசலுக்கு அனுப்ப என் மனசு வரவில்லை. உங்கள் மாப்பிள்ளையும், "உங்க அண்ணன் சொல்லட்டும். நாளைக்கு நான்தான் தள்ளிவிட்டேன்னு பேச்சு வரக் கூடாது" என்கிறார். ஒரு வரி எழுதுங்கள். சரி என்று ஒரே சொல் போதும்.

மாரி


வண்ணாமடை
பிப்ரவரி 15, 2024

மாரிக்கு,

படித்ததும் கை கால் ஓடவில்லை. செவலைக்குக் காணை நோய் வந்தபோது நான் தொழுவத்திலேயே படுத்திருந்தேன், உனக்குத் தெரியும். வாயில்லாச் சீவன் துன்பப்படுவதை என்னால் பார்க்க முடியாது.

ஆனால் நான் கொடுத்த சீர் சுற்றுலாக்காரன் லாயத்தில் நிற்பதா? போகிறவன் வருகிறவன் எல்லாம் படம் எடுக்கிற இடத்தில்? வேண்டாம். நானே வண்டி பிடித்து வந்து இங்கே கூட்டி வந்துவிடுகிறேன். நம் ஊட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், வெயில் ஊர், குளம்பு காயும். மாரியம்மன் நோம்பி முடியட்டும். கம்பம் நட்டிருக்கிறது, ஊர் எல்லை தாண்டக் கூடாது.

அதற்குள் ஒன்று நடக்க வேண்டும். அந்த வாசலில் இருந்து பசியோடு இறங்கியவன் நான். நானாக எப்படி ஏறுவது? மாப்பிள்ளை ஒரு வார்த்தை போனில் கூப்பிடட்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். "வாங்க மச்சான்" என்று ஒரு வார்த்தை. அது போதும். அடுத்த வண்டியில் ஏறிவிடுகிறேன்.

நல்லமுத்து


கோவிலூர்
ஏப்ரல் 2, 2024

அண்ணா,

பிஸ்கட் போன செவ்வாய்க்கிழமை போய்விட்டது.

உங்கள் கடிதாசி வந்த அன்று அதை அவரிடம் படித்துக் காட்டினேன். சட்டையை மாட்டிக்கொண்டு, டவர் கிடைக்கிற பாறைக்கு ஏறிப் போனார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாராம், பிற்பாடு சொன்னார். உங்களுக்கு அடித்தார். அடித்து ஓய்ந்தது. நீங்கள் எடுக்கவில்லை. இறங்கி வந்து திரும்பவும் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டார். இன்னொரு தடவை அடியுங்கள் என்று நான் கெஞ்சினேன். "ஒரு தடவ கூப்பிட்டாச்சு மாரி. மறுபடி கூப்பிட்டா நான் என்ன மனுசன்?" என்றார். உங்களுக்கு ஏற்ற மச்சான்தான்.

நோம்பி முடியும், நீங்கள் வருவீர்கள் என்று நான் நாளைத் தள்ளினேன். ஒவ்வொரு நாளும் மூணாறு ஆள், "இன்னிக்கு ஏத்தலாமா?" என்று கேட்டார். அண்ணன் வரட்டும் என்றேன். ஒரு நாள் துணிக்கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது எலும்பின் நுனி அடிக்குளம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரிந்தது. மூணாறு ஆள் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிவிட்டார். இனி எங்கே கொண்டு போயும் பயன் இல்லை, வலியிலிருந்து விடுவிக்கிறதுதான் புண்ணியம் என்றார் டாக்டரம்மா. ஊசி மருந்தை எடுத்து வைத்தார்.

மோனிஷாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுச் செய்யலாம் என்று நினைத்தேன். அவள் போக மறுத்தாள். அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மாமா நாளைக்கு வந்துருவாரு, அதுக்குள்ள தூங்கிடாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் சமையல் கட்டுக்கு ஓடிவிட்டேன். உங்கள் மாப்பிள்ளைதான் கூட உட்கார்ந்திருந்தார். பிறகு கேரட் போட உழுது வைத்திருந்த மேட்டில் அவரே தனியாகக் குழி வெட்டினார். யாரையும் கூட விடவில்லை.

எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் வந்தது. எழுதிவிட்டுக் கிழித்தேன். ஆத்திரம் அடங்கினால் எனக்கு என் முகம்தான் தெரிகிறது. சரி என்று ஒரு சொல் நீங்கள் எழுதாவிட்டால் என்ன? நானே வண்டியில் ஏற்றியிருக்கலாம். ஊர் பேசுமே என்று பயந்தேன். ஊர் இரண்டு நாள் பேசிவிட்டுப் பூண்டு விலையைப் பேசப் போய்விட்டது.

அன்றைக்கு அழுதுகொண்டே போன் பண்ணினேன் என்று எழுதினீர்களே, நிஜம்தான். அண்ணன் இருக்கிறார் என்று ஊர் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டேன். எனக்கு அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். அப்போது கேட்கத் தெரியவில்லை, இப்போது கேட்கிறேன். வாருங்கள். தட்டு வேண்டாம், மூட்டை வேண்டாம், ஒரு சீப்புப் பழம்கூட வேண்டாம். கையை வீசிக்கொண்டு வாருங்கள். ஒரு வேளை எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மாரி


வண்ணாமடை
மே 12, 2024

அம்மிணி,

போன் அடித்தது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை நம்பர் என்றும் தெரியும். கையில்தான் வைத்திருந்தேன். உடனே எடுத்தால் காத்துக்கொண்டிருந்த மாதிரி ஆகிவிடும், இரண்டாவது தடவை அடிக்கட்டும், எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ராத்திரி வரைக்கும் போனைச் சட்டைப் பையில் போடவில்லை. அவர் அடிக்கவில்லை. நானும் அடிக்கவில்லை. நோம்பி முடிந்த மறுநாளே வந்திருக்கலாம். இன்னும் ஒரு நாள் பார்ப்போம், கூப்பிடுவார் என்று இருந்தேன். ஒரு குதிரை நொண்டிக்கொண்டு கிடக்கும்போது நான் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதாசி வந்ததிலிருந்து தொழுவத்துக்குப் போனால் மாட்டுக்குத் தீனி வைக்கக் கை வருவதில்லை. இருக்கிற ஒன்றுக்கும் அண்ணிதான் வைக்கிறாள்.

போன வாரம் நான் வந்தேன், மாரி. உனக்குத் தெரியாது. உடுமலை வழியாக பஸ் ஏறி, மறையூர் தாண்டி, மூணாறு வரைக்கும் வந்தேன். நீ சொன்ன மாதிரியே கையை வீசிக்கொண்டு. பஸ்ஸில் ஒன்றும் தெரியவில்லை. மூணாறில் இறங்கியதும் கால் தானாகப் பழக்கடைக்குப் போனது, இழுத்துப் பிடித்துக்கொண்டு ஜீப்புக்கு வந்தேன். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தும் விட்டேன். ஏசுதாஸ் என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷர், சும்மா சிரித்துக்கொண்டேதான் கேட்டார், "வாங்க மாமா, இந்தத் தடவ பிள்ளைக்கு என்ன கொண்டாந்திருக்கீங்க?" என்று.

என் வெறும் கையைப் பார்த்தேன். பிள்ளை ஓடி வந்து என் கையைத்தானே முதலில் பார்க்கும் என்று நினைத்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து எந்த வாசலுக்கும் நான் அப்படிப் போனதில்லை. பழம் வாங்கி வருகிறேன் என்று சொல்லி இறங்கினேன். எதிரே உடுமலை பஸ் நின்றது, ஏறிவிட்டேன். ஏசுதாஸ் எனக்காக வண்டியை எடுக்காமல் எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் நீங்கள் ஊரில் இல்லை என்று பொய் சொன்னேன்.

மாப்பிள்ளை தனியாகக் குழி வெட்டினார் என்று எழுதினாய். அந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அவரிடம் என்ன சொல்வது என்று நானும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

வரும் சனிக்கிழமை மறுபடி வருகிறேன். காலை பஸ். ரோஷத்தை எல்லாம் விட்டுவிட்டுக் கேட்கிறேன், நீ வீட்டில் காத்திருக்க வேண்டாம். மூணாறு ஸ்டாண்டுக்கே வந்து நில். மாப்பிள்ளையும் பிள்ளையும் கூட வந்தால் நல்லது. அந்த ஜீப்பில் தனியாக ஏற என்னால் ஆகவில்லை, அம்மிணி. என்னைக் கூட்டிக்கொண்டு போ.

அண்ணன்